வேலூருக்கு இரண்டு எம்.பி.க்கள்

ஐயா,

1952-ல் வேலூருக்கு இரண்டு எம்.பி. இருந்தார்கள், அதற்காக ஆளுக்கு இரண்டு ஓட்டு போட்டோம் என்று எங்கள் தாத்தா அடிக்கடி சொல்வார். சட்டசபைக்கு ஒன்று, பார்லிமென்டுக்கு ஒன்று போட்டதைத்தான் குழப்பிக்கொள்கிறாரோ? இல்லை, இன்னொருவர் ராஜ்யசபா உறுப்பினரா?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தா சொல்வது சரி. இரண்டு பேருமே மக்கள் ஓட்டுப் போட்டு மக்களவைக்கு அனுப்பியவர்கள். வேலூர் அன்று இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952-ல் ராமச்சந்தரும் எம். முத்துகிருஷ்ணனும் சேர்ந்து வேலூரின் உறுப்பினர்களாக இருந்தார்கள். ராஜ்யசபாவுக்கு எம்.எல்.ஏ.க்கள்தான் ஓட்டுப் போடுவார்கள், தாத்தாவுக்கு அதில் வேலை இல்லை.

முதல் மக்களவைக்கு 489 இடங்கள், ஆனால் தொகுதிகள் 401-தான். 314 தொகுதிகளில் ஒருவர், 86-ல் இருவர், வடக்கு வங்காளம் என்ற ஒன்றில் மட்டும் மூவர். அன்றைய சென்னை மாகாணத்தின் 75 இடங்களும் 62 தொகுதிகளில் அடங்கின. இன்றுபோல் தனித்தொகுதி என்று ஒரு பகுதியைப் பிரித்துவைக்காமல், பெரிய தொகுதி ஒன்றில் இரண்டு இடம் வைத்து, அதில் ஒன்றைத் தாழ்த்தப்பட்டோருக்கோ, சில இடங்களில் பழங்குடியினருக்கோ ஒதுக்கினார்கள்.

சாவடியில் கையில் இரண்டு சீட்டு கொடுப்பார்கள். அதில் முத்திரை குத்துகிற வேலையே கிடையாது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் அவர் சின்னம். பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். ஒரே ஆளுக்கு இரண்டையும் போட்டால் ஒன்றுதான் கணக்கு, மற்றது செல்லாது. சட்டசபைக்கும் கூடவே தேர்தல் நடந்ததால், அதுவும் இரட்டைத் தொகுதியாக இருந்த இடங்களில் ஒருவருக்கு நான்கு ஓட்டு! குறியில்லாத சீட்டில் ஒரு வினையும் இருந்தது. பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்து விற்கலாம். வாங்கியவர் தன் ஆளிடம் கொடுத்து மொத்தமாகப் போடச் சொல்லலாம். சீட்டிலேயே முத்திரை குத்தும் முறை வந்ததற்கு இது ஒரு காரணம்.

எண்ணிக்கையில்தான் பெரிய சிக்கல். முதலில் தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஒதுக்கிய இடம். பிறகு மிச்சமிருக்கும் எல்லோரிலும் முதலில் நிற்பவருக்கு மற்ற இடம். அந்த இரண்டாவது இடம் பொது இடம், யாருக்கும் மூடியதல்ல. ஒரு பேச்சுக்கு, தாழ்த்தப்பட்ட வேட்பாளர்கள் இருவர் ஒரு லட்சமும் 95 ஆயிரமும் வாங்க, பொது வேட்பாளர் 90 ஆயிரம் வாங்கினால் இரண்டு இடமும் அந்த இருவருக்கே. 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இதுதான் நடந்தது. இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள், தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1959-ல் கிரிக்கு எதிராகத் தீர்ப்பானது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பொது வேட்பாளர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது.

தொகுதியின் அளவும் ஒரு தொல்லை. இரண்டு தொகுதியின் பரப்பை ஒரே வேட்பாளர் சுற்றவேண்டும், செலவும் இரட்டிப்பு. 1961-ல் சட்டம் போட்டு இந்த முறையை நீக்கி, தொகுதிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 1957-லும் இருவரை அனுப்பிய வேலூர், 1962-ல் அப்துல் வாஹித் என்ற ஒருவரை மட்டும் அனுப்பியது.

பழைய தேர்தல் அட்டவணையில் வேலூரைத் தேடினால் ஒரு எச்சரிக்கை. பதிவான ஓட்டு, வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தால் கள்ள ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள், ஆளுக்கு இரண்டு என்பதால் அப்படி வரும். இரண்டால் வகுத்தாலும் வந்தவர் எண்ணிக்கை சரியாகக் கிடைக்காது. ஒரு சீட்டை மட்டும் பெட்டியில் போட்டவர்களும் உண்டு என்பதால், வந்தவர்கள் அந்த விடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள்.