வேலியோர பேப்பர்பார்க்கைத் தோண்டிப் போன்சாய் ஆக்கலாமா?

கேள்வி: ஐயா, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடலோரத்தில் நண்பரின் மாட்டுப் பண்ணை இருக்கிறது. வேலியோரம் டிராக்டரில் புல் வெட்டும்போதெல்லாம் வெட்டுப்பட்டு, முழங்கால் உயரத்திலேயே தூர் பருத்த பேப்பர்பார்க் (தாள்போல் பட்டை உரியும் மரம்), டீ ட்ரீ (தேயிலை அல்ல, இங்குள்ள ஒரு புதர்மரம்) நிறைய நிற்கின்றன. போன ஜூலையில் இரண்டு டீ ட்ரீயைத் தோண்டி, மொட்டையடித்துத் தொட்டியில் வைத்தேன். இரண்டும் காய்ந்துவிட்டன. எங்கே தவறு?

பதில்: பருவமும் தவறு, வெட்டும் தவறு. ஆஸ்திரேலியாவில் ஜூலை குளிர்காலம். குளிர்காலத்தில் தோண்டுவது மேப்பிள், எல்ம் போன்ற இலையுதிர் மரங்களுக்கான கணக்கு. உங்கள் வேலியோரத்தில் நிற்பவை பசுமை மாறாதவை; அறுபட்ட வேர் மறுபடி விட அவற்றுக்குச் சூடு வேண்டும். நவம்பருக்குப் பிறகு, கொழுந்து ஓடும் நாட்களில் தோண்டுங்கள்.

டீ ட்ரீ பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. இலையில்லாத கிளை செத்த கிளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் பச்சை விட்டே வெட்ட வேண்டும். வேர் ஒரு நாழிகை காய்ந்தாலும் போச்சு. தோண்டிய கையோடு ஈரச்சாக்கு சுற்றுங்கள். பழகும்வரை டீ ட்ரீயைத் தொடாமலிருப்பதே நல்லது.

பேப்பர்பார்க்கில் ஆரம்பியுங்கள். சதுப்பில் வளரும் மரம், மன்னிக்கும் குணம் உள்ளது. தூரை மொட்டையாக அறுத்தாலும் பிழைக்கும். சல்லிவேர் உள்ள வேர்க்கட்டையாக எடுத்து, பியூமிஸ் (நுண்துளையுள்ள எரிமலைக் கல்) கலந்த பொலபொலப்பான கலவையில் நட்டு, இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தில் தொட்டியை வையுங்கள். சில வாரங்களில் ஏடு ஏடான பட்டையைப் பிளந்துகொண்டு கடுகளவு மொட்டுகள் வரும். அப்போது கை துறுதுறுக்கும், கிள்ளாதீர்கள். அந்த இலைகள்தான் வேருக்குச் சோறு. கிளையை வளைக்க ஒரு வருடம் கம்பி கட்டவும் வேண்டாம்.

பாங்சியா என்ற ஆஸ்திரேலிய மரம் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை: சத்தில்லாத மண்ணில் பழகிய வேர் அது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த சாதாரண உரம் போட்டால் இலை கருகிப் பட்டுப்போகும்.

நண்பரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தனியார் நிலத்திலும் பாதுகாக்கப்பட்ட இனங்களுக்கு அனுமதி தேவை. தோண்டும் முன் விசாரியுங்கள். தேசியப் பூங்காவில் ஒரு கன்றுகூட எடுக்கக் கூடாது.

மண்வெட்டியையும் பூட்ஸையும் கழுவிவிட்டே அடுத்த இடம் போங்கள். வேரழுகல் பூஞ்சணம் ஒட்டிய மண்ணோடு பயணிக்கும். 2010இல் ஆஸ்திரேலியாவில் தென்பட்ட மிர்ட்டில் துரு என்ற பூஞ்சை நோயும் பேப்பர்பார்க் கொழுந்தைத் தாக்கும். இளம் இலையில் மஞ்சள் நிறப் பொடி கண்டால் அந்தச் செடியை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.