மகளின் கொப்பியில் இருந்த 16 கழகங்கள்

ஐயா,

சென்ற வாரம் மூதூரிலிருந்து வந்த நீங்கள், சொப்பிங் பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, குற்றத்துக்குச் சான்று காட்டுபவரைப் போல என் மேசையில் வைத்தீர்கள். முன்புறம் உயர்தர உயிரியல் வகுப்பின் குறிப்புகள் இருந்தன. பின்புறமாகத் திருப்பினால், உலகில் எங்குமே நடந்திராத ஒரு சர்வதேசக் கழக மட்ட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி விரிந்தது. 16 நகரங்களின் கழகங்கள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் முதற்சீருடை, மாற்றுச் சீருடை, கோல்காப்பாளர் சீருடை என மொத்தம் 48 சீருடைகள் கீறி நிறந்தீட்டப்பட்டிருந்தன. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு வகுப்பில் சேர்த்துவிட்ட பிள்ளை அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அன்றுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. "கார்மென்ட்சுக்கு அனுப்பவா சேர் இவ்வளவு காலமும் படிப்பிச்சனாங்கள்?" என்று கேட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதே கேள்வியை வேறு வேறு வடிவங்களில் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருப்பதால், அவர்களும் வாசிக்கும்படியாக இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் படங்கள் பிரமாதமானவை அல்ல. கைவிரல் கீறத் தெரியாததால் எல்லா வீரர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நிற்கிறார்கள். நான் கொப்பியை மூடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அவள் கீறியவையல்ல, வெட்டிவிட்டு மாற்றியவை. மூன்றாம் பிரிவில் திருகோணமலைக் கழகமும் மொன்டேவிடியோக் கழகமும் மோதுகின்றன. நம்மூர்க் கழகத்துக்கு உட்துறைமுகத்தின் நீலத்தைக் கொடுத்து, சட்டையின் கீழோரத்தில் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளை ஏழு வட்டங்களாக வைத்திருக்கிறாள். மொன்டேவிடியோவுக்கும் வெளிர்நீலமே கொடுத்திருந்தபடியால், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தபோதுதான் பிழை அவள் கண்ணில் பட்டிருக்கிறது. பெரிய குறுக்குக் கோடொன்றை இழுத்து, அருகில் பென்சிலால் "தூரத்தில இருந்து ஒரே மாதிரித் தெரியும்" என்று எழுதியிருக்கிறாள்.

இந்த ஒரு வரியில்தான் சீருடை வடிவமைப்புத் தொழில் தொடங்குகிறது. உதைபந்தாட்டச் சட்டவிதிகளில் நான்காவது விதி வீரர்களின் உடையையும் உபகரணங்களையும் பற்றியது. இரு அணிகளின் நிறங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியக்கூடியனவாகவும், நடுவர்களின் உடையிலிருந்து வேறுபட்டனவாகவும் இருக்க வேண்டும், கோல்காப்பாளர் தன் அணியினரிடமிருந்தும் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று அது விதிக்கிறது. 1978ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் பிரான்ஸ், ஹங்கேரி ஆகிய இரு அணிகளுமே வெள்ளைச் சட்டையுடன் மார் டெல் பிளாட்டா மைதானத்துக்கு வந்துவிட்டன. ஆட்டம் தாமதமாக, அந்த ஊர்க் கழகமான கிம்பர்லியின் பச்சை வெள்ளைக் கோடுபோட்ட சட்டைகளை இரவல் வாங்கி அணிந்துகொண்டே பிரான்ஸ் ஆடியது. 1996 ஏப்ரலில் மன்செஸ்டர் யுனைடெட் கழகம் சாம்பல் நிறச் சீருடையில் சவுத்ஹம்ப்டனுடன் ஆடி, இடைவேளைக்குள் 3-0 எனப் பின்தங்கி, இரண்டாம் பாதிக்கு நீல வெள்ளைச் சீருடை மாற்றி வந்தும் 3-1 என்று தோற்றது. பார்வையாளர் கூட்டத்தின் பின்னணியில் சக வீரர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது பயிற்றுநர் பெர்குசன் கொடுத்த விளக்கம். (தோற்றவர்கள் சட்டையைக் குறை சொல்வது நமக்கும் புதிதல்ல.) 2018 உலகக் கிண்ணத்தின் முதலாட்டத்தில் ரஷ்யாவின் சிவப்பும் சவூதி அரேபியாவின் பச்சையும் மோதியபோது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு உள்ள இரசிகர்கள் யார் எவரென்று தெரியாமல் திண்டாடினார்கள். இவ்வகைக் குறைபாடு பெண்களைவிட ஆண்களிடமே பன்மடங்கு அதிகம். ஆகவேதான் நிறம் வேறு என்பதோடு நிற்காமல், ஒரு சீருடை கருமையாகவும் மற்றது வெளிறியதாகவும் இருக்க வேண்டும் என்று போட்டி ஏற்பாட்டாளர்கள் கேட்கிறார்கள். இவற்றில் எதையும் அறியாமலேயே உங்கள் மகள் அந்தக் குறுக்குக் கோட்டை இழுத்திருக்கிறாள்.

அடுத்த பக்கம் அதைவிட எனக்குப் பிடித்தது. திருகோணமலைக் கழகத்தின் மாற்றுச் சீருடைக்கு முதலில் கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டைகளை எடுத்திருக்கிறாள். பார்வைக்கு எடுப்பான யோசனைதான். ஆனால் பட்டையின்மேல் இலக்கம் எழுதினால் நம்மூர் மெக்கெய்சர் விளையாட்டரங்கின் மறுகரையிலிருந்து அது 3ஆ 8ஆ என்று தெரியாது. அதற்காக முதுகில் ஒரு வெற்றுச் சதுரம் விட்டுப் பார்த்து, அதுவும் பிடிக்காமல் அழித்திருக்கிறாள். பின்னர் முழுவதையும் கைவிட்டு, வெள்ளைச் சட்டையில் தோள்களில் மட்டும் கோட்டைக்குள் திரியும் மான்களின் புள்ளிகளை வைத்து, ஓரத்தில் "இது எல்லாருக்கும் பொது" என்று எழுதியிருக்கிறாள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே அணியில் ஆடுகின்ற ஊரில், சட்டையைப் போடப்போகிறவர் அதைத் தன்னுடையதென்று நினைப்பாரா என்ற கேள்வியை 16 வயதுப் பிள்ளை தானாகவே கேட்டிருக்கிறாள். அழகாகக் கீறுவதைப் பயிற்சியால் கற்பித்துவிடலாம். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

இப்போது உங்கள் அச்சத்துக்கு வருகிறேன், அதில் நியாயமும் இருக்கிறது. உலகமே பார்க்கும் சீருடைகளை வடிவமைக்கும் வேலை மிகச் சிலருக்கே கிடைப்பது. அடிடாஸ், பூமா ஆகிய இரண்டும் ஜெர்மனியில் ஹெர்ட்சோகன்அவுராக் என்ற ஒரே சிற்றூரிலும், நைக்கி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலும் தலைமையகம் கொண்டுள்ளன. அதை இலக்காக வைத்துப் படிப்பைத் தெரிவுசெய்யுமாறு நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன். பிரேசிலின் மஞ்சள் சட்டையை வடிவமைத்தவர், 1953இல் ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் வென்ற, இருபது வயதும் நிரம்பாத ஆல்டிர் ஷ்லீ என்ற எல்லைப்புற நகரத்து இளைஞர். கொடியிலுள்ள நான்கு நிறங்களும் வர வேண்டும் என்ற நிபந்தனையை, மஞ்சளும் பச்சையும் சட்டைக்கு, நீலம் காற்சட்டைக்கு, வெள்ளை காலுறைக்கு என்று பிரித்துத் தீர்த்தார். பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் கதை இது. ஆனால் பெற்றோருக்குச் சொல்லும்போது, அவர் பிற்காலத்தில் எழுத்தாளராகவும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் வாழ்ந்தாரேயன்றிச் சட்டை வடிவமைத்துப் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனினும் ஒரு ஜேர்சி காகிதத்திலிருந்து உடம்புக்கு வருவதற்கிடையில் பல கைகள் இருக்கின்றன. எந்தத் துணி என்று தீர்மானிப்பவர், உடற்பாகங்களுக்கேற்ப மாதிரி வெட்டுபவர், சிறிய அளவிலிருந்து பெரிய அளவுவரை அதைப் படிமுறையாக விரிப்பவர், கணினியில் முப்பரிமாண மாதிரி செய்பவர், அச்சு நிறத்தைச் சரிபார்ப்பவர், வெளிநாட்டுக் கொள்வனவாளருடன் பேசி விலையும் நாளும் முடிக்கும் மேர்ச்சண்டைசர் என்று எல்லோருமே படித்துப் பயிற்சி பெற்றவர்கள். நம் நாட்டின் ஏற்றுமதிப் பொருட்களில் முதலிடம் ஆடைக்கே. 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கைக் கிரிக்கெட் அணி அணிந்த சட்டை, நமது கடற்கரைகளில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை மீள்சுழற்சி செய்து எம்.ஏ.எஸ். என்ற நம் நாட்டு ஆடை நிறுவனம் இங்கேயே உருவாக்கியது. "கார்மென்ட்ஸ்" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் மனதில் இருந்தது தையல் இயந்திர வரிசை மட்டும். அந்த வரிசையில் இருப்பவர்களைத் தாழ்வாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் வேறு அறைகளும் உண்டு என்பதை நீங்கள் அறிந்துகொண்டு பேச வேண்டும்.

பாடத்தெரிவைப் பொறுத்தவரை, சாதாரண தரப் பெறுபேறு வரும்வரை எதையும் மாற்ற வேண்டாம். வந்ததும் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முதலில் பாருங்கள். கணிதம் பலமாக இருந்தால் கணிதப் பிரிவில் படித்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நெசவு, ஆடைப் பொறியியல் பட்டத்தை இலக்காக வைக்கலாம். அதே பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்கும் உற்பத்தி மேம்பாட்டுக்குமான வடிவமைப்பு இளமாணிப் பட்டமும் உண்டு. அதற்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரி நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும், அந்த விண்ணப்ப அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தொழினுட்பப் பிரிவில் மூன்றாம் பாடமாகவும் கலைப்பிரிவில் முதன்மையாகவும் சித்திரம் எடுக்கலாம். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கட்புலக் கலையைத் தமிழிலேயே கற்பிக்கிறது. நேரடியாகப் பல்கலைக்கழகம் போகாவிட்டால் தேசிய தொழிற்றகைமைப் படிகள் வழியாக நான்காம் மட்டத்தில் தொடங்கி டிப்ளோமா, பட்டம் என ஏழாம் மட்டம் வரை ஏறலாம். எந்தப் பாடச்சேர்க்கை எந்தப் பட்டத்துக்குத் தகுதி தரும் என்பதை, தெருவில் சொல்வதைக் கேட்டல்ல, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலைத் திறந்து பாருங்கள், அது தமிழிலும் இருக்கிறது. மொறட்டுவையில் போதனை ஆங்கிலத்தில். ஆகவே எந்தப் பிரிவைத் தெரிந்தாலும், இப்போது மூன்று வகுப்புகளுக்குக் கட்டும் பணத்தில் ஒன்றையாவது ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள் என்பது என் உறுதியான கருத்து. "சர்வதேச டிசைன் டிப்ளோமா" என்று பெரிய தொகை கேட்கும் இடங்களுக்கு, அந்தச் சான்றிதழ் எந்தத் தொழிற்றகைமை மட்டத்துக்குச் சமம் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு சோதனை செய்யச் சொல்வேன். 48 சீருடைகளில் ஒன்றை மட்டும் உண்மையிலேயே தைப்பிக்கச் சொல்லுங்கள். நகரில் கழகங்களுக்கு ஜேர்சி அடித்துக் கொடுக்கும் கடைகளில் நடப்பது பெரும்பாலும் சப்ளிமேஷன் முறை. வடிவத்தை மாற்றுத்தாளில் அச்சிட்டு, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் வெள்ளைப் பொலியெஸ்டர் துணிமேல் அழுத்தினால், மை ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். பருத்தியில் இது நிற்காது. முன்பக்கம், பின்பக்கம், கைகள் என்று தனித்தனித் துண்டுகளாக அச்சிட்டு வெட்டித் தைப்பதால், கொப்பியில் தொடர்ச்சியாக ஓடும் கோடு விலாத் தையலில் விலகிவிடும். பழைய மாணவர் போட்டியொன்றுக்கு நானே ஒருமுறை நிறம் தெரிவுசெய்தேன். கைப்பேசித் திரையில் செந்நீலமாக மினுங்கியது துணியில் வந்தபோது பழைய காயத்தின் நிறமாக இருந்தது, ஏழு வட்டங்களைப்போல ஓரத்தில் வைத்த கோலமோ காற்சட்டைக்குள் போய் மறைந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை, நிறச்சீட்டைத் துணியில் அடித்துப் பார்க்காதது என் தவறு. உங்கள் மகளின் ஏழு கிணறுகளுக்கும் இதே கதிதான் நேரும், சட்டையை உள்ளே விட்டால் கன்னியாவே காணாமற்போகும். அதை அவள் தானே கண்டுபிடிக்கட்டும். தைத்த சட்டையை யாராவது ஒரு பிள்ளைக்கு அணிவித்து, கச்சான் காற்று வீசும் ஒரு பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, வியர்வையில் எங்கே ஒட்டுகிறது, எங்கே உரசுகிறது என்று கேட்டு எழுதட்டும். பிறகு பத்துத் தடவை துவைக்கட்டும்.

அதன்பிறகு இரண்டிலொன்று நடக்கும். சலித்துப்போய் விட்டுவிட்டால், இது ஓய்வுநேர விருப்பம் என்று தெரிந்துகொண்டு உயிரியலைத் தொடரலாம், நட்டம் ஒரு சட்டையின் விலை மட்டும். பிழைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு இரண்டாவது சட்டைக்குக் காசு கேட்டால், கொடுங்கள். அந்தப் படங்கள், அளவுகள், திருத்தங்கள் எல்லாவற்றையும் திகதியிட்டுச் சேர்த்து வைப்பது பின்னாளில் நேர்முகத்துக்கு உதவும். பிரபல நிறுவனங்களின் சின்னங்களை மட்டும் அதில் கீற வேண்டாமென்று சொல்லுங்கள். பார்ப்பவர்களுக்கு அது களவாகவே தெரியும்.

பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புவது பற்றி நீங்கள் வாசலில் நின்று தயங்கிச் சொன்னதையும் மறக்கவில்லை. மருத்துவபீடம் கிடைத்தாலும் மூதூரிலிருந்து விடுதிக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கவலையை இந்தத் துறைக்கு மட்டும் உரியதாக வைக்க வேண்டாம்.

கொப்பியை அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்ததாகச் சொன்னீர்கள். அதை இன்றே திருப்பிக் கொடுத்து, எடுத்ததையும் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அவளையே அழைத்து வாருங்கள். நான்காம் பிரிவில் டக்கார் கழகத்தின் கோல்காப்பாளருக்கு மட்டும், அந்த 48க்கும் மேலதிகமாக, ஏன் இரண்டு மாற்றுச் சட்டைகள் என்று எனக்கு விளங்கவில்லை, அவளிடம் கேட்க வேண்டும்.