ஆடாதோடையா, அசித்ரோமைசினா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. முதல் இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் பத்து நாளாக இருமல் விடவில்லை, சளி மஞ்சளாக வருகிறது. டாக்டர் 'பிராங்கைட்டிஸ்' என்றார், ஆன்டிபயாடிக் எழுதவில்லை. மனசு கேட்காமல் மெடிக்கலில் சொல்லி அசித்ரோமைசின் சிரப் வாங்கி வைத்திருக்கிறேன். மாமியாரோ ஆடாதோடைக் கசாயமே போதும் என்கிறார். எதைக் கொடுப்பது? எல்.கே.ஜி.க்கு அனுப்பலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அசித்ரோமைசின் பாட்டிலைத் திறக்காதீர்கள். உங்கள் டாக்டர் அதை மறந்துபோய் விடவில்லை, தேவையில்லை என்றுதான் எழுதவில்லை.

குழந்தைகளுக்குத் திடீரென வரும் பிராங்கைட்டிஸ், அதாவது மூச்சுக்குழாய் அழற்சி, பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. வைரஸை அது ஒன்றும் செய்யாது. இதில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது இருமல் குறைந்தது ஏறக்குறைய அரை நாள்தான். அதற்கு விலையாகச் சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, தோலில் தடிப்பு. நிஜமாகவே அந்த மருந்து தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகும் ஆபத்து வேறு.

மஞ்சள் சளியைப் பார்த்துத்தான் பயந்திருப்பீர்கள். வெள்ளணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டும்போது அவற்றில் இருக்கும் நொதிகள் சளிக்கு அந்த நிறத்தைத் தருகின்றன. வைரஸ் சளியும் மஞ்சளாகும், பச்சையாகவும் ஆகும். நிறத்தை வைத்து மருந்து முடிவு செய்ய முடியாது. பத்து நாள் என்பதும் அதிகமில்லை. காய்ச்சல் போன பிறகும் இந்த இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். நாம் பொறுமை இழந்து எதையாவது கொடுக்கத் தொடங்குவது பெரும்பாலும் அது தானாக அடங்கும் சமயத்தில்தான். பிறகு 'அந்த மருந்தில்தான் கேட்டது' என்று பேர் வந்துவிடுகிறது. கசாயத்துக்கும் இதே கதைதான்!

அதற்காக மாமியாரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆடாதோடை இலையில் வாசிசின் என்றொரு பொருள் இருக்கிறது. அதை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். அம்ப்ராக்சால் அதன் வாரிசு. சளி சிரப் அட்டையில் இந்தப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த சிரப்களின் பலனே சுமார்தான். கசாயமும் கொஞ்சம் இதம் தரலாம், நோயின் நாட்களைக் குறைக்கும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. ஜெர்மனியில் ஐவி என்ற கொடியின் இலைச் சாற்றை இப்படிப் பிள்ளைகளுக்கு நிறையக் கொடுக்கிறார்கள். அங்கேயும் பலன் சிறியதுதான். கொடுப்பதானால் ஆடாதோடை மணப்பாகாக, அதாவது இனிப்புப் பாகாகக் கொடுங்கள், அளவை அரசு சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கசப்பு பிடிக்காமல் திமிறும் பிள்ளையைப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. அது நுரையீரலுக்குள் போகும். மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான். சூடான எண்ணெயில் கற்பூரம் போட்டு நெஞ்சில் தேய்க்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள். கற்பூரம் உள்ளே போனால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும்.

இரவு இருமலுக்கு நான் சொல்வது தேன். படுக்கும் முன் அரை டீஸ்பூன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் ஆகாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். இருமல் சிரப் வேண்டாம். 2025 அக்டோபரில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பொதுவாக ஐந்து வயதுக்குள் இந்த சிரப்கள் வேண்டாம் என்று மத்திய அரசும் அப்போது அறிவுறுத்தியது.

இனி முக்கியமானது. பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். முழு நிமிடமும் எண்ண வேண்டும். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போன காய்ச்சல் திரும்பி வந்தாலும், தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும் அப்படியே. அங்கே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அந்த வேலையைக் கசாயம் செய்யாது. கக்குவான் இருமலுக்கும், நான்கு வாரம் தாண்டியும் சளியோடு நீடிக்கும் இருமலுக்கும் ஆன்டிபயாடிக் உண்டு. டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. வருஷத்துக்கு மூன்று நான்கு முறை 'பிராங்கைட்டிஸ்' வருகிறது, விசில் மாதிரி சத்தம் கேட்கிறது என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்கு இன்ஹேலர்தான் சரி. இன்ஹேலர் என்றால் பழகிவிடும் என்று பயப்படும் வீடுகளில்தான் பிள்ளை வருஷம் முழுக்கக் கசாயமும் ஆன்டிபயாடிக்கும் மாறி மாறிக் குடிக்கிறது.

எல்.கே.ஜி.க்குத் தாராளமாக அனுப்பலாம். காய்ச்சல் இல்லை, சாப்பிட்டு, ஓடியாடி விளையாடுகிறான் என்றால் இருமலுக்காக வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. முழங்கை மடிப்பில் இருமச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் பாட்டிலை மற்ற பிள்ளைகளோடு மாற்றிக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.