பழைய டிவி தொடரை டிவிடியாக்க யாரைக் கேட்பது?

கே: காலஞ்சென்ற என் தகப்பனார் 1996ல் தூர்தர்ஷனுக்காகப் பதின்மூன்று வாரத் தொடர் தயாரித்தார். யூ-மேட்டிக் டேப்புகள் (அக்கால வீடியோ கேசட்டுகள்) வீட்டில் இருக்கின்றன. டிவிடியாக வெளியிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

ப: அப்பாவின் கோப்புகளில் ஒப்பந்தத்தைத் தேடுங்கள். ஸ்பான்சர் பிடித்து எடுத்த தொடர் என்றால் பட உரிமை வழக்கமாகத் தயாரிப்பாளருக்கு. இப்போது வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். தூர்தர்ஷனே பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் அதை நடத்தும் பிரசார் பாரதியைத்தான் கேட்க வேண்டும்.

பட உரிமை உங்களுடையதே ஆனாலும் தொடரில் வரும் பாட்டுகளின் உரிமை வேலையை நிறுத்திவிடும். 'தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு' என்று மட்டும் எழுதி வாங்கிய அனுமதி டிவிடிக்குச் செல்லாது. காலம் குறிப்பிடாமல் எழுதியிருந்தால் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்கு ஐந்தே ஆண்டுதான் ஆயுள். அமெரிக்காவில் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' தொடர் 2007ல் டிவிடியாக வந்தபோது பாட்டு உரிமை கட்டுப்படியாகாமல் பல பாடல்களை மாற்றினார்கள். ரேடியோ நிலையத்தைப் பற்றிய தொடர் அது. ரசிகர்கள் மனம் நொந்தார்கள். 2014 பதிப்பில்தான் பெரும்பகுதி திரும்ப வந்தது.

ஆகவே ஒவ்வொரு வாரத்தையும் ஓட்டிப் பட்டியல் எழுதுங்கள்: எந்த நிமிடம், எத்தனை விநாடி, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், எந்தக் கம்பெனி கேசட். டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் பத்து விநாடி கேட்கும் சினிமாப் பாட்டையும் விடாதீர்கள். பிறகு கம்பெனிகளுக்கு டிஸ்க் எண்ணிக்கை, ஆண்டு, நாடு எல்லாம் குறித்துக் கடிதம் எழுதுங்கள். நாடு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் கொள்ளும். சிங்கப்பூர், மலேசியாவில் விற்க முடியாது. இணையத்துக்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள், பின்னால் கேட்டால் தனிப் பேரம்.

கேட்கும் தொகை கட்டாதென்றால் பாட்டை மாற்றலாம். யூ-மேட்டிக்கில் இரண்டு ஆடியோ டிராக். ஒன்றில் வசனம், மற்றதில் இசை என்று தனித்தனியாக இருந்தால் வேலை சுலபம். கலந்து பதிவாகியிருந்தால் அந்தக் காட்சிக்கு வசனத்தையும் மறுபடி டப்பிங் செய்ய வேண்டிவரும். அதற்குப் பாட்டுக்கே பணம் கொடுப்பது மேல்.

கே: எங்கள் கோயில் தொடரில் தியாகராஜர் கீர்த்தனையும் பாபநாசம் சிவன் பாட்டும் கேசட்டிலிருந்து வருகின்றன. இவற்றுக்குமா அனுமதி?
– வாசகி, திருவையாறு

ப: தியாகராஜர் 1847ல் சித்தியடைந்தவர், கீர்த்தனை எல்லோருக்கும் பொது. சிவன் மறைந்தது 1973ல். இயற்றியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு என்பதால் 2033 முடியும்வரை அவருடைய உரிமைதாரர்களைக் கேட்க வேண்டும். ஒலிப்பதிவுக்குத் தனிக் கணக்கு: வெளியான ஆண்டுக்குப் பின் 60. 1962ல் வந்த இசைத்தட்டுக்குக் காலம் முடிந்துவிட்டது. 1985ல் வந்த கேசட் 2045 முடியும்வரை கம்பெனியுடையது. கீர்த்தனையை உள்ளூர் நாகஸ்வரக் கலைஞரைக் கொண்டு புதிதாகப் பதிவு செய்து, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். தஞ்சை மாவட்டத்தில் வித்வான்களுக்கா பஞ்சம்!

கே: டிவியில் ஓடியபோது விஹெச்எஸ்ஸில் பதிந்து வைத்த தொடரைப் பிரதி எடுத்து விற்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

ப: கூடாது. ஆனால் அந்தக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூல டேப் பழுதான இடங்களுக்கு அதுதான் துணை. தயாரிப்பாளர் வீட்டாருக்குத் தகவல் சொல்லுங்கள். நம் பக்கத்து ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும்.