வார்டு கிறிஸ்துமஸுக்கு முறுக்கு

தங்கச்சி, காசிமேட்டிலிருந்து லண்டன் வந்து உனக்கு இது முதல் டிசம்பர். நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரி வார்டில் கிறிஸ்துமஸ் வாரம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா செய்கிற முறுக்கைக் கொண்டுபோனால் தொடுவார்களா, இல்லை கடையில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

முறுக்கே கொண்டு போ. அந்த மேஜையில் கேக், மின்ஸ் பை, சாக்லேட் டப்பா என்று இனிப்பாகத்தான் குவிந்து கிடக்கும். காரமாக, மொறுமொறுவென்று ஒன்று வந்தால் கை தானாக அங்கே போகும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நானும் ராயபுரத்துக்காரிதான். ராயப்பர் கோயில் தெருப்பக்கம் டிசம்பர் பாதியிலேயே வாசலில் காகித ஸ்டார் ஏறிவிடும். வீட்டுக்குள்ளே ஊறவைத்து வடித்த பச்சரிசி மழை ஈரத்தில் காயாமல், ஃபேனுக்குக் கீழே வேட்டி மேல் பரப்பிக் கிடக்கும். மாவு மில்லில் வரிசை. கலகலா, சோமாஸ், அச்சு முறுக்கு எல்லாம் செய்தாலும், பக்கத்து வீட்டு பாய் அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் கேட்டு வாங்குவது முறுக்கைத்தான். நோன்புக் கஞ்சி எந்தத் தூக்கில் வந்ததோ அந்தத் தூக்கு வீட்டுக்கு முதல் தட்டு போகும். அப்படிக் கொடுத்தே வளர்ந்தவள் நீ. இங்கே கேக் வாங்கிக்கொண்டு போனால் அது வாங்கிப்போன கேக். அவ்வளவுதான்.

ஆனால் ஊரில் கொடுக்கிற மாதிரி அப்படியே கொடுத்துவிடக் கூடாது. இதை மட்டும் கவனமாகப் படி. அம்மா முறுக்கில் எள் போடுவார்கள். நீ போடாதே. 2016-இல் நடாஷா என்ற 15 வயதுப் பெண், விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் மாவோடு சேர்த்துச் சுட்டிருந்த எள்ளால் ஒவ்வாமை வந்து இறந்துபோனாள். மேலே தூவியிருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்; உள்ளே இருந்தது தெரியவில்லை. அதற்குப் பிறகுதான், கடையிலேயே செய்து கட்டி வைக்கிற உணவிலும் உள்ளே இருப்பதை முழுக்க எழுத வேண்டும் என்று 2021 அக்டோபரில் சட்டம் வந்தது. நடாஷா சட்டம் என்றே சொல்கிறார்கள். இந்த ஊரில் கடைக்காரர்கள் கட்டாயம் சொல்லியாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. எள், வேர்க்கடலை, பால், கோதுமை எல்லாம் அதில் உண்டு. வீட்டில் செய்து கொண்டுபோகிறவர்களை அந்தச் சட்டம் பிடிக்காது. ஆனாலும் உன்னோடு வேலை செய்கிறவர்கள் அந்தப் பழக்கத்தில்தான் கேட்பார்கள். கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்து மனம் கோணாதே.

ஆகவே எள்ளுக்குப் பதில் சீரகம். கடலை எண்ணெய் வேண்டாம், சூரியகாந்தி எண்ணெய் எடு. அப்புறம் பெருங்காயம். அரிசி மாவு பலகாரம்தானே, கோதுமை ஆகாதவர்களும் சாப்பிடலாம் என்று நாம் தைரியமாகச் சொல்லிவிடுவோம். ஆனால் தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்னால் பார். இருந்தால் அதை விட்டுவிடு, முறுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. உளுத்தம்மாவு பாக்கெட்டிலும் 'கோதுமை இருக்கலாம்' என்று அச்சடித்திருக்கக்கூடும். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அந்தத் துளியே போதும், குடலைப் புண்ணாக்கிவிடும். அப்படி யாராவது வார்டில் இருந்தால் பாக்கெட்டைப் போட்டோ எடுத்து முன்கூட்டியே காட்டு, முடிவை அவர்களே எடுக்கட்டும்.

மாவுக்கு, நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஈஸ்ட் ஹாம் பகுதிக்குப் போ. பச்சரிசி மாவு என்று கேட்டு வாங்கு. ஈழத் தமிழர் கடைகளில் வறுத்த மாவும் இருக்கும். இடியாப்பத்துக்கு அது அருமை, அதிலும் முறுக்கு வரும், ஆனால் தண்ணீர் அதிகம் குடிக்கும். சீனக் கடைப் பசை அரிசி மாவை மறந்தும் எடுக்காதே, அச்சை விட்டே இறங்காது. 4 கப் அரிசி மாவை வெறும் சட்டியில் கைபொறுக்கிற சூடு வரை வறுத்து, ஆறவிட்டுச் சலித்துக்கொள். அதோடு வறுத்து அரைத்த உளுத்தம்மாவு அரை கப், பொட்டுக்கடலை மாவு அரை கப், சீரகம், கொஞ்சம் மிளகாய்த்தூள். வெண்ணெய் 3 மேஜைக்கரண்டி. இங்கே உப்பு போட்ட வெண்ணெயும் போடாததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எது வாங்கினாய் என்று பார்த்து உப்பு போடு. டிசம்பர் குளிரில் அது கல்லாக இருக்கும். இளக வைத்து, மாவில் விரல் நுனியால் தேய்த்துக் கலந்தபிறகுதான் தண்ணீர். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். பால் ஆகாதவர்களும் வீகன்களும் இருப்பார்கள், கொஞ்சம் மாவைத் தனியே எடுத்து வெண்ணெய்க்குப் பதில் சுடச்சுட எண்ணெய் ஊற்றிப் பிசை. அதை முதலில் பொரி.

நம் வீட்டு உருண்டை அடிக் கடாய் இங்குள்ள மின்சார அடுப்பில் நிற்காது. தட்டை அடிப் பாத்திரமாக, கனமாகப் பார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றாதே. ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் உடனே மேலே வர வேண்டும், ஆனால் கருகக் கூடாது. மின்சார அடுப்பு சூட்டை மெதுவாகத்தான் மீட்கும். நாலைந்தை ஒன்றாகப் போட்டால் எண்ணெய் ஆறி முறுக்கு எண்ணெய் குடிக்கும். இரண்டிரண்டாகப் போடு. சலசலப்பு அடங்கியதும் எடு, நிறத்துக்காகக் காத்திருக்காதே. ஊரில் சுற்றுகிற அளவுக்குப் பெரிதாகச் சுற்றாமல் இரண்டு கடி அளவில் பிழி. வேலைக்கு நடுவே நின்றபடியே சாப்பிடுகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

நீ ஊழியர் குடியிருப்பில் இருப்பதாகச் சொன்னாய். எண்ணெயில் பொரிக்க அனுமதி உண்டா என்று முதலில் விசாரி; சில இடங்களில் கிடையாது. இருந்தால் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திற. புகை அலாரத்தைத் துணியால் மூடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கை எட்டினால் அடுப்பை அணை, இல்லாவிட்டால் வெளியே வந்து இங்குள்ள அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடு. மிச்ச எண்ணெய் சிங்க்குக்குள் போகக் கூடாது. 2017-இல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் 130 டன் கொழுப்புக் கட்டி அடைத்துக்கிடந்தது, இப்படி வீட்டுக்கு வீடு ஊற்றியதும் சேர்ந்துதான். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடு.

முறுக்கு முழுக்க ஆறும்வரை டப்பாவை மூடாதே. டப்பா மேல் ஒரு சீட்டு ஒட்டு: அரிசி மாவு, உளுந்து, பொட்டுக்கடலை, வெண்ணெய், சீரகம், மிளகாய், உப்பு, சூரியகாந்தி எண்ணெய், பெருங்காயம் போட்டிருந்தால் அதுவும். வெண்ணெய் இல்லாதது எந்த டப்பா என்றும் எழுது. மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்காதே. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு இதுதான் என்று சொல்லி ஆளாளுக்கு நீட்டு. சீட்டைப் படிக்கக்கூட நேரமில்லாமல் ஓடுகிறவர்கள் உன் கையால் கொடுத்தால் நிற்பார்கள்.

உன் மாடியில் இருக்கிறவர்களுக்கும் கொடு. 22, 23 தேதிக்குள் கொடுத்துவிடு, அப்புறம் பலர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் தெருவில் தட்டு வெறுமனே திரும்பாது, சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். இங்கே திருப்பித்தர வேண்டியில்லாத டப்பாவில் கொடு. இரண்டு நாள் கழித்து கதவுக்குக் கீழே ஒரு நன்றி அட்டை வரலாம், அது இந்த ஊர்த் தட்டு.

25-ஆம் தேதி உனக்கு டியூட்டி என்றால் இப்போதே யோசி: லண்டனில் அன்றைக்கு ரயிலும் பஸ்ஸும் ஓடாது, பெரிய கடைகளும் சட்டப்படி மூடியிருக்கும். கூட வேலை செய்கிறவர்களில் கார் வைத்திருப்பவரிடம் முன்பே சொல்லி வை. இரவு டியூட்டிக்காரர்களுக்கு ஒரு டப்பாவைத் தனியே எடுத்துப் பெயர் எழுதி வைத்துவிடு. மேஜையில் வைத்தது மதியத்துக்கே காலியாகிவிடும்.