ஒரே நடைக்கு ரெண்டு சம்பளமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 42. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. ஆறு வாரமாகத் தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை நாலு சுற்று நடக்கிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது. மகன் வாங்கிக் கொடுத்த வாட்ச், 320 கலோரி செலவானதாகக் காட்டுகிறது. செல்போன் ஆப் எனக்கு ஒரு நாளைக்கு 1320 கலோரி என்று சொன்னது. நடந்த கலோரியையும் அதுவே கூட்டி, 1640 சாப்பிடலாம் என்கிறது. ஒரு வாய் விடாமல் எழுதிவைத்துத்தான் சாப்பிடுகிறேன். எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. தைராய்டு பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. வீட்டுக்காரர், "இன்னும் ரெண்டு சுத்து கூட நட" என்கிறார். நடக்கட்டுமா, சாப்பாட்டைக் குறைக்கட்டுமா?
- ஒரு வாசகி, அனுப்பானடி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் 1320 என்ற எண்ணைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிட்டேன். இந்த ஆப்கள் கணக்குப் போடும் விதம் பெரிய ரகசியமில்லை. 1990ல் வந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் உங்கள் வயது, உயரம், எடையைப் போட்டால் 1324 வருகிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு தன்னை ஓட்டிக்கொள்ளச் செலவழிக்கிற கலோரி அது. அதன் பிறகு ஆப் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கும்: நீங்கள் உட்கார்ந்தே இருப்பவரா, கொஞ்சம் நடமாடுபவரா? உட்கார்ந்தே இருப்பவர் என்றால் 1.2ஆல் பெருக்கும். லேசான உடற்பயிற்சி செய்பவர் என்றால் 1.375ஆல் பெருக்கும். 1324ஐ 1.375ஆல் பெருக்கினால் 1820. எடை குறைய அதில் 500ஐக் கழித்தால் சரியாக 1320.

ஆக, தெப்பக்குளத்து நடையை நினைத்துக்கொண்டு நீங்கள் "லேசான உடற்பயிற்சி" என்பதை அழுத்தியிருக்கிறீர்கள். தப்பில்லை, உண்மைதானே! ஆனால் அந்த நடைக்கான கலோரி அப்போதே 1320க்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் வாட்ச் சொன்ன 320ஐயும் கூட்டினால், ஒரே நடைக்கு ரெண்டு சம்பளம் வாங்கியது போல ஆகிறது.

அந்த 320மே கொஞ்சம் ஊதிப்போன எண்தான். தெப்பக்குளம் ஒரு பக்கம் ஏறத்தாழ 1000 அடி, இன்னொரு பக்கம் 950 அடி. நாலு சுற்று என்றால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 72 கிலோ உள்ளவர் அதை ஒரு மணி நேரத்தில் நடந்தால் சுமார் 250 கலோரி ஆகும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் டிவி பார்த்திருந்தாலும் 70 போயிருக்கும். அதையும் கழித்தால் நடையின் சொந்தச் சம்பாத்தியம் 180தான். (இதைப் படித்துவிட்டு நடையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது செய்கிற நல்லதைக் கலோரியில் அளக்க முடியாது. அதோடு, நிறைந்த குளத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கக் கொடுத்துவைத்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.)

சரி, 1820 செலவு, 1640 வரவு. அப்படியும் தினம் 180 துண்டு விழ வேண்டும். ஆறு வாரத்தில் அது 7560. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 என்பார்கள். ஒரு கிலோவாவது குறைந்திருக்க வேண்டுமே, அது எங்கே போனது?

எனக்குச் சந்தேகம் எண்ணெய் மேல்தான். என் கதையைச் சொல்கிறேன். இருபது வருடமாக அடுத்தவர்களுக்கு அளவு சொல்கிற நான், என் இட்லிப் பொடிக்கு "நல்லெண்ணெய் 1 ஸ்பூன்" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தட்டைத் தராசில் வைத்து, பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, எப்போதும் போல ஊற்றினேன். பொடி குடிக்கக் குடிக்க இன்னும் கொஞ்சம். விரலால் குழைத்தபோது ஓரத்தில் பளபளவென்று எண்ணெய் நின்றது; அதுதானே ருசி. தராசு 14 கிராம் காட்டியது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, மொத்தம் 126. நோட்டில் நான் எழுதியிருந்தது ஒரு டீஸ்பூனுக்கான 40. அது வெறும் பொடிக்கு. தோசைக்கல்லில் சுற்றி விடுவது, தாளிப்பது, பொரியலில் கடைசியாக ஒரு சுற்று விடுவது எல்லாம் தனி. இதில் 180 ஒளிந்துகொள்ள இடமா இல்லை?

அதனால் ஆப்பில் வாட்ச்சோடு உள்ள தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். நடந்தாலும் 1320, ஒரு நாள் மழையில் நடக்காவிட்டாலும் 1320. உங்கள் பங்கு எண்ணெயை மட்டும் காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலு டீஸ்பூன் அளந்து வையுங்கள். அன்றைக்குப் பொடி, தோசை, பொரியல் எல்லாம் அதற்குள். சோற்றை எழுதும்போது அரிசியா சாதமா என்று பாருங்கள். 100 கிராம் அரிசி 350 கலோரி, 100 கிராம் சாதம் 130தான். முட்டையோ மீனோ பயறோ ஒவ்வொரு வேளையும் ஏதாவது இருக்கட்டும், பசி தாங்கும். எடையை வாரம் ஒரு நாள், எழுந்ததும் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் முள் ஏறினால் அது நீர். கணக்கில் எடுக்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரரின் யோசனை. ரெண்டு சுற்று கூட நடந்தால் 90 கலோரி கிடைக்கும், அரை மணி நேரம் போகும். எண்ணெயில் 10 கிராம் குறைத்தால் அதே 90 ஒரு நொடியில் மிச்சம். காலை ஏழு மணிக்கு டிபனும் மதியத்துக்கு டப்பாவும் கட்டுகிறவருக்கு அரை மணி நேரம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

கேள்வி: மேடம், வயது 34, எடை 78 கிலோ. தினம் 1500 கலோரிக்கு மேல் சாப்பிடுவதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சைக்கிளில் அழகர்கோவில் போய்த் திரும்புவோம், போக வர 40 கிலோமீட்டர். அன்றைக்கும் 1500தான். திரும்பும்போது கண் இருட்டுகிறது. ராத்திரி பரோட்டாக் கடையில் எல்லாக் கட்டுப்பாடும் பறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கே.புதூர்

பதில்: தம்பி, மேலே அந்த வாசகிக்குச் சொன்னதற்கு நேர் எதிராக உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டரை மணி நேரம் மிதித்தால் 1000 கலோரிக்குப் பக்கத்தில் போய்விடும். 1500 சாப்பிட்டு 1000ஐ அங்கேயே செலவழித்தால் உடம்புக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் பாதியையாவது திருப்பிக் கொடுங்கள். கிளம்புமுன் ரெண்டு இட்லி, கோவில் வாசலில் ஒரு வாழைப்பழம், வழியெல்லாம் தண்ணீர், வந்ததும் தயிர்சாதமும் ரெண்டு முட்டையும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ, இப்படிச் சாப்பிட்டும் கண் இருட்டினாலோ, அடுத்த சவாரிக்கு முன் டாக்டரைப் பாருங்கள். ராத்திரி பரோட்டாவும் சாப்பிடுங்கள். ரெண்டோடு எழுந்திருக்க முடிகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.