ரிவர்ஸ்ல டிரெய்லர் மடங்குதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, 40 அடி கன்டெய்னர் வண்டியை யார்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது கேபினும் டிரெய்லரும் பாதியிலேயே 'V' மாதிரி மடங்கிடுதுன்னு எழுதியிருக்கீங்க. ஸ்டீரிங்கை லேட்டா, அதிகமா ஒடிச்சா அப்படித்தான் ஆகும்.

கையை ஸ்டீரிங்கோட அடிப்பக்கம் வைங்க. டிரெய்லர் பின்பக்கம் வலது போகணும்னா கையையும் வலதுக்குத் தள்ளுங்க, இடதுன்னா இடதுக்கு. மேல பிடிச்சா எல்லாம் தலைகீழ், அங்கதான் குழப்பமே. கொஞ்சமா ஒடிச்சுட்டுக் காத்திருங்க. 40 அடி மெதுவாத்தான் கேக்கும்; 20 அடி சட்டுனு மடங்கும். டிரெய்லர் திரும்ப ஆரம்பிச்சதுமே ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சு, கேபினை டிரெய்லர் பின்னாடியே கொண்டுபோங்க.

ரிவர்ஸ்ல நேரா வரும்போது எந்தக் கண்ணாடியில டிரெய்லர் பெருசாகுதோ, அந்தப் பக்கம் லேசா ஒடிச்சா நேராகும்.

முடிஞ்சவரை வலப்பக்கமா வளைச்சு விடுங்க. நம்ம சீட் வலதுல இருக்கு, தலையை நீட்டிப் பின்சக்கரத்தைப் பாத்துக்கலாம். இடப்பக்கம்னா கண்ணாடியில டிரெய்லர் சைடு மட்டும்தான் தெரியும்.

ரொம்ப மடங்கிடுச்சா, ரிவர்ஸ்லயே சரிபண்ணப் பாக்காதீங்க. முன்னாடி எடுத்து நேராக்குங்க. பின்னால நிக்கிறவங்க ஹாரன் அடிப்பாங்க, அடிக்கட்டும். கிளீனர் "வா, வா"ன்னு சொன்னாலும் ஒருமுறை இறங்கிப் பாருங்க. அவர் கண்ணாடியில தெரியலைன்னா உடனே பிரேக்.